நிதானம் இல்லாத ஆள் எழுதும் மடல்

ராமேஸ்வரம் – ராமநாதபுரம் ரோட்டில் பஸ் ஓட்டும் அண்ணன்மாருக்கும் அதில் விசில் ஊதும் தம்பிமாருக்கும் வணக்கம்.

என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, ஆளைச் சொன்னால் தெரிந்துவிடும். வியாழக்கிழமை காலையில் தங்கச்சிமடம் நிறுத்தத்தில் ஒரு நீட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு, பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே இரண்டு காலையும் அகட்டி வைத்து மல்லுக்கு நிற்பவன் மாதிரி நிற்பேனே, அந்த ஆள்தான். வயசு 51. பார்க்க நன்றாகத்தான் இருப்பேன். கை கால் விளங்காமல் போகவில்லை, வாய் கோணவில்லை. நடக்க ஆரம்பித்தால்தான் வில்லங்கம். இடது பக்கம் ஒரு இழுப்பு இழுக்கும், அதைச் சமாளிக்க வலது பக்கம் ஒரு எட்டு வைப்பேன், பேச்சும் கொஞ்சம் குழறும். காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் என்று உங்களில் சில பேர் நினைத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு பேர் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறீர்கள்.

"ஆளு நிதானத்துல இல்ல."

இதைச் சொன்ன தம்பி மேல் எனக்குக் கோபம் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எனக்கு நிதானம் இல்லைதான். ஆனால் அது பாட்டிலில் போன நிதானம் இல்லை, 2023 ஆகஸ்டில் மண்டைக்குள் போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், டீ குடிக்கிற நேரத்தில் படியுங்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை போன விசைப்படகுகள் விடியற்காலையில் கரை திரும்பும் நாள். நான் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், 22 வருஷமாக அதே வேலை. இறாலுக்கு ஒரு பக்கம், நண்டு கணவாய்க்கு ஒரு பக்கம், சங்காயம் என்கிற கழிவு மீனுக்குத் தனியாக ஒரு பக்கம் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட கோடு நகர்ந்தது. பேனாவை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நகர்ந்தது. அப்புறம் தராசு, ஐஸ் பெட்டி, பெட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கா, எல்லாம் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தன. எழுந்தேன், எழுந்த இடத்திலேயே மரம் மாதிரி சாய்ந்தேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி.

சுற்றி இருந்தவர்கள் நல்லவர்கள். ராத்திரித் தூக்கம் இல்லை, வெறும் வயிறு, பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. அப்போதே யாருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும், எனக்கே தட்டவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஒரு இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டு வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். படுத்தால் கட்டில் நடுக்கடலில் கிடந்தது. சாயங்காலம் விக்கல் பிடித்தது, நிற்கவே இல்லை. பார்க்கிற ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரிதான் "விக்கலும் நிக்கல, தண்ணியும் எறங்கல, இது பித்தம் இல்லைங்க" என்று சொல்லி 108ஐக் கூப்பிட்டாள்.

முதலில் எடுத்த சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். பின்மண்டையில் எலும்பு கனம், அங்கே புதிதாக வந்த அடைப்பு சிடியில் பிடிபடாமல் போவது சகஜமாம். மதுரைக்குக் கொண்டுபோய் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் தெரிந்தது: பின்கழுத்து வழியாக மேலே ஏறும் ரத்தக் குழாயின் ஒரு கிளையில் அடைப்பு, மூளைத்தண்டின் ஓரத்திலும் சிறுமூளையின் இடது பக்கத்திலும் அடி. பக்கவாதம்தான். ஆனால் கையையும் காலையும் இழுக்காத பக்கவாதம். பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழுந்துவிட வேண்டும் என்றுதானே நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? எனக்கு எந்தப் பக்கமும் விழவில்லை, ஆளேதான் விழுந்துகொண்டே இருக்கிறேன்.

பிரஷர் மாத்திரையை ஆறு மாசமாக விட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்பது என் கணக்கு. கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு.

இப்போது உங்கள் பஸ்ஸுக்கு வருகிறேன். ஒரு மனுஷன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து கணக்கு வர வேண்டும் என்று மதுரையில் பிசியோதெரபி செய்த பிள்ளை சொல்லிக்கொடுத்தது. கண் ஒரு கணக்கு அனுப்புகிறது. காதுக்குள்ளே, பக்கத்துக்கு மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன, அதில் தண்ணீர் மாதிரி ஒன்று அசைந்து, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று இன்னொரு கணக்கு அனுப்புகிறது. பாதமும் மூட்டும் தரை எப்படி இருக்கிறது என்று மூன்றாவது கணக்கு. இந்த மூன்று நோட்டையும் வைத்துக்கொண்டு ஒரு நொடிக்குள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் சிறுமூளை. எனக்குக் கண் சரி, காது சரி, கால் சரி. சரிபார்க்கிற ஆளுக்குத்தான் அடிபட்டிருக்கிறது. அவர் லீவில் போகவில்லை, வேலைக்கு வந்துவிட்டார், ஆனால் மெதுவாகப் பார்க்கிறார், அவசரப்படுத்தினால் தப்பாகக் கூட்டுகிறார்.

சரக்கு போய்த் தொந்தரவு செய்வதும் முக்கியமாக இந்த ஆளைத்தான். அதனால்தான் என் நடையும் குடித்தவன் நடையும் ஒன்று போல இருக்கிறது, உங்கள் கண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்குக் காலையில் தெளிந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பஸ்ஸைப் போல இந்த மூன்று கணக்கையும் ஒன்றோடொன்று மோதவிடும் இடம் வேறு இல்லை. உள்ளே பார்த்தால் சீட்டும் கம்பியும் அசையாமல் இருக்கின்றன, கண் "நிற்கிறோம்" என்கிறது. காது "போகிறோம்" என்கிறது. காலுக்குக் கீழே இன்ஜின் அதிர்கிறது, அது பாட்டுக்கு ஒன்றைச் சொல்கிறது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நம்ம பஸ் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்துப் பஸ் பின்னால் நகர்ந்தால் நாம் முன்னால் போகிற மாதிரி ஒரு விநாடி தோன்றும் இல்லையா, உங்களுக்குக்கூட. அந்த ஒரு விநாடியை எடுத்து 50 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். அதுதான் என் பயணம்.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் கைப்பிடிச் சுவரைப் பார்த்தால் போச்சு, சரசரவென்று பின்னால் ஓடி வயிற்றைப் பிரட்டும். தூரத்தைப் பார்க்க வேண்டும். தென்பக்க ஜன்னல் கிடைத்தால் குருசடைத் தீவு, வடபக்கம் கிடைத்தால் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலும் வானமும் சேருகிற கோடு. தூரத்தில் இருப்பது மெதுவாக நகரும், அதைக் கண் பிடித்துக்கொள்ளும். இந்தப் பாலம் திறந்த 1988இல் எனக்கு 14 வயசு. அதற்கு முன்னால் ரயில், இல்லாவிட்டால் படகு, வேறு வழி கிடையாது. முதல் தடவை பஸ்ஸில் கடலைத் தாண்டியபோது தலையை வெளியே நீட்டி அப்பாவிடம் அடி வாங்கினேன். இப்போது ஜன்னல் சீட்டில் தலையை ஆட்டாமல் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்து போகிறேன்.

ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். எனக்கு வந்தது நடுவில். எழுந்து நடக்கப் பழகிய நாளெல்லாம் தீவை விட்டு வெளியே போக உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை. இப்போது ரயில் வந்துவிட்டாலும் அதன் நேரம் ராமநாதபுரத்தில் எனக்கு இருக்கும் பிசியோதெரபி நேரத்துக்கு ஒத்து வருவதில்லை. காரில் போகிற வசதி இல்லை.

வீட்டிலேயே கிடக்கலாமே என்றும் கேட்பீர்கள், சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்த மடலில் முக்கியமான பதில் இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று அசையாமல் கிடந்தால் இந்த வியாதி சரியாகாது. மூளையில் செத்த இடம் செத்ததுதான், பக்கத்தில் இருக்கிற இடம் அந்த வேலையைப் பழகிக்கொள்ள வேண்டும், பழகுவதற்குத் தலையை ஆட்டி, நடந்து, கொஞ்சம் சுற்றலை வரவழைத்துத்தான் ஆக வேண்டும். சுற்றலை நிறுத்துகிற மாத்திரையைக்கூட முதல் சில நாளோடு டாக்டர் நிறுத்திவிட்டார். அதைத் தொடர்ந்து போட்டால் பழக வேண்டிய மூளையையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடுமாம். (நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் நான் சாகிற வரை விடமாட்டேன்.) தினமும் காலையில் கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் "இல்லை இல்லை" என்று ஆட்டுகிறேன். சுவர் மூலையில் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடி நிற்கிறேன். குதிகாலும் பெருவிரலும் ஒட்டி ஒட்டி வராந்தாவில் நடக்கிறேன், பக்கத்து வீட்டு ஆத்தா பார்த்துவிட்டு "யாருக்கு வேண்டுதல், அடிப்பிரதட்சணம் பண்ற?" என்று கேட்டது. எனக்குத்தான் ஆத்தா.

உங்கள் பஸ்ஸும் அந்தப் பயிற்சியில் ஒன்று. நான் ஏறி இறங்கினால்தான் தேறுவேன். அதனால்தான் உச்சிப்புளியில் நடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அது 2024 ஐப்பசி, மழை இருட்டு. ராமநாதபுரத்திலிருந்து திரும்பி வருகிறேன், எந்தப் பஸ் என்று சொல்ல மாட்டேன். ஏறி இரண்டாவது படியில் கால் வைத்தேன், பஸ் எடுத்தாகிவிட்டது, உள் லைட்டையும் அணைத்தாகிவிட்டது. மூன்று கணக்கு என்று சொன்னேனே, இருட்டினால் அதில் கண் அனுப்புகிற கணக்கு போய்விடும், மிச்சம் இரண்டு, அதில் ஒன்று ஆடுகிற தரை. குடை ஒரு பக்கம் போக நான் முன் சீட்டுப் பெரியவர் மடியில் போய் விழுந்தேன். எழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் வாய் வேறு குழறியது, களைத்துவிட்டால் அதிகம் குழறும். பையில் இருந்த மருந்துப் பாட்டில் உருண்டு டங்கென்று சத்தம் கேட்டது. அது இருமல் டானிக், ஆனால் அந்தச் சத்தத்துக்கு அந்த நேரத்தில் ஒரே அர்த்தம்தான். விசிலடித்து உச்சிப்புளியில் இறக்கிவிட்டார்கள். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டுவதற்குள் என் விரல் பையின் ஜிப்பையே கண்டுபிடிக்கவில்லை.

கடைசி சீட்டில் ஒரு கருவாட்டுக்கார அக்கா இருந்தது. மண்டபத்தில் இறங்க வேண்டிய ஆள். "ஏம்ப்பா, பக்கத்துல போயி மோந்து பாத்தியா? வாசம் அடிச்சுச்சா? எங்க அப்பன் இப்படித்தான் ஆடி ஆடிச் செத்துப்போச்சு" என்று கத்திக்கொண்டே ஓலைப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அதுவும் இறங்கிவிட்டது. டிக்கெட் காசு போகிறதே என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பஸ் வருகிற வரைக்கும் கடை வாசல் தகரத்துக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாதி ரோட்டில் இறங்கியதற்கு என்னைத் திட்டவும் செய்தது, "நீ ஏன்டா தம்பி வாயத் தொறந்து சொல்லல" என்று. சொல்லத்தான் அக்கா பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. விழுந்துவிடுவேன் என்ற பயம் இல்லை, எல்லாரும் பார்ப்பார்களே என்ற பயம். ஐந்து வாரத்தில் என்ன ஆனது தெரியுமா, மாடிப்படி ஏறப் பழகியிருந்தேன், அது போய்விட்டது. கொல்லைக்குப் போவதற்குக்கூட மகள் வேண்டியிருந்தது. எட்டு மாசம் சேர்த்த கணக்கு.

சரி, அழுததெல்லாம் போதும். என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. ஏறிக் கம்பியைப் பிடித்து சீட்டில் உட்கார எனக்கு 12 விநாடி ஆகிறது. மகள் போனில் அளந்து சொன்னாள், படி உயரமான பஸ்ஸாக இருந்தால் 15. பின்னால் வருகிற பஸ், நேரம், கலெக்ஷன், செக்கிங், உங்களுக்கு இருக்கிற நெருக்கடி எனக்கும் தெரியும். எங்கள் கம்பெனியிலும் ஐஸ் உருகுவதற்குள் லாரி ஏற்ற வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தால் முதலாளி முகம் எப்படி மாறும் என்று பார்த்தவன்தான். ஆனாலும் 12 விநாடி. மண்டபம் கேட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அதை விட அதிக நேரம் நிற்கிறீர்கள்.

உட்காருகிற வரைக்கும் உள் லைட்டை அணைக்காதீர்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, ரோடு தெரியவில்லை என்பது நியாயம்தான், நான் உட்கார்ந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள்.

என் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இது நல்ல மனசோடு செய்கிறவர்களுக்குச் சொல்வது. அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கினால் என் பாதம் தரையை விட்டுவிடும், இருந்த ஒரு கணக்கும் போச்சு. உங்கள் கையை நீட்டி வைத்தால் போதும், நான் பிடித்துக்கொள்வேன். அந்தக் குடையும் அப்படித்தான். கால் பலமில்லாமல் ஊன்றவில்லை, அதன் நுனி தரையைத் தொட்டால் "தரை இங்கே இருக்கிறது" என்று உள்ளங்கைக்குச் செய்தி வரும், அது எனக்கு நாலாவது நோட்டு. அதை வாங்கி மேலே பரணில் போடாதீர்கள்.

பின்னால் இருந்து தோளைத் தட்டி டிக்கெட் கேட்டால் நான் திரும்ப மாட்டேன், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். சட்டென்று தலையைத் திருப்பினால் பஸ் முழுக்கத் திரும்பும். முன்னால் வந்து கேளுங்கள், இல்லையென்றால் நான் உடம்போடு சேர்த்து மெதுவாகத் திரும்புகிற வரைக்கும் பொறுங்கள். சில்லறையைக் கையில் சரியாக எண்ணி வைத்திருப்பேன், அதில் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று. "அவ்வளவு பெரிய போர்டு, படிக்கத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். எழுத்தை வைத்துத்தான் 22 வருஷம் சோறு தின்றேன். நான் நடந்துகொண்டிருக்கும்போது எழுத்தெல்லாம் குதிக்கும். நமக்குத் தலை ஆடினாலும் பார்வை ஆடாமல் கண்ணைப் பிடித்து வைக்க உள்ளே ஒரு கயிறு இருக்கிறது, எனக்கு அந்தக் கயிறு தொய்ந்துவிட்டது. நின்று பார்த்தால் படித்துவிடுவேன். சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிற போர்டாக இருந்தால் நின்று பார்த்தாலும் வராது, எழுத்தோடு நானும் ஓடிவிடுவேன். வாசலில் நின்று "ராம்நாடு ராம்நாடு" என்று ஒரு குரல் கொடுங்கள், முன்னெல்லாம் கொடுப்பீர்களே. எனக்கு மட்டும் இல்லை, கண் மங்கிய கிழவிகளுக்கும் சேர்த்துத்தான்.

கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. கூட்டமான பஸ்ஸில் என்னை ஏற்ற யோசிக்கிறீர்கள், எனக்கு அதுதான் வசதி. நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் விழுவதற்கு இடம் ஏது? காலி பஸ்தான் பயம்.

மாற்றுத் திறனாளி அட்டை வாங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களே என்று ஒரு நடத்துநர் யோசனை சொன்னார். 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். என் கையையும் காலையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தால் இரண்டும் ஜம்மென்று இருக்கும். கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் அட்டை இருக்கிறவனுக்கு மட்டும்தான் தலை சுற்றும் என்று இல்லையே. சுகர் தாழ்ந்தவன், காதுக்குள் இருக்கிற பொடிக் கல் இடம் மாறித் தலை சுற்றுகிறவன், வலிப்பு வந்து தெளிந்தவன், வயசானவன், இந்த ரோட்டில் உங்கள் படியில் தடுமாறுகிறவர்களில் எத்தனை வகை! குடித்தவனும் இருப்பான், இல்லை என்று சொல்லவில்லை. குடித்தவனைக்கூட மழையில் இறக்கிவிடலாமா என்பது தனி விவகாரம், அதை வேறு யாராவது எழுதட்டும்.

இப்போது உங்களைப் பற்றி. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு நிறுத்த இடமில்லை என்று தண்ணீரும் குடிக்காமல், கிடைத்த நேரத்தில் புரோட்டாவைத் தின்றுவிட்டு, ராத்திரி ஷிப்ட் பகல் ஷிப்ட் என்று மாறி மாறி ஓட்டுகிறீர்கள். உங்களில் 40 வயசைத் தாண்டிய எத்தனை பேர் பிரஷர் பார்த்தீர்கள்? பார்த்தவர்களில் எத்தனை பேர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்கள்? எனக்குப் பிரஷர் மாத்திரை இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, 2021இலிருந்து அந்தத் திட்டம் இருந்தது, நான்தான் சட்டை செய்யவில்லை.

பக்கவாதம் என்றால் முகம் கோணுதா, கை தூக்க வருதா, பேச்சு குழறுதா என்று பார்க்கச் சொல்லி எழுதி ஒட்டியிருப்பார்கள். நல்லதுதான், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். என் வகை அதில் நழுவிவிடும். அதனால் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நிற்க முடிகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா. திடீரென்று தலை சுற்றி, பிடிக்காமல் நிற்கவோ நடக்கவோ முடியவில்லை என்றால், அதோடு விக்கலோ விழுங்கத் திணறலோ குழறலோ சேர்ந்தால், அது பித்தம் இல்லை. எலுமிச்சைச் சாறு, சோடா, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அது. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் அந்த நாலரை மணி நேரத்தை வாந்தி ஊசியோடு தூங்கிக் கழித்தேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது உங்களில் யாருக்காவது கோடு நகர்கிற மாதிரி தெரிந்தால் தயவு செய்து ஓரம் கட்டுங்கள். உங்களுக்குப் பின்னால் 50 பேர் இருக்கிறோம்.

ஒரு தம்பி இருக்கிறார், அவர் பெயரையும் சொல்ல மாட்டேன், சொன்னால் கூச்சப்படுவார். ஐந்து வாரம் கழித்து நான் மறுபடி நிறுத்தத்துக்கு வந்த அன்று அவர் பஸ்தான் வந்தது. முதல் படியிலேயே நான் நின்றுவிட்டேன், கால் வரவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் மிஷினை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை முழங்கை வரைக்கும் வாசலுக்குக் குறுக்கே கம்பி மாதிரி நீட்டினார். "பிடிங்கண்ணே, அவசரமில்ல." பிடித்தேன், ஏறினேன், மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன். விசில் அவர் உதட்டிலேயே இருந்தது, ஊதவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து "என்னடா?" என்றார். "இருண்ணே, ஆளு உக்காரட்டும்." எனக்குத் தொண்டை அடைத்து வார்த்தை வரவில்லை, "ம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம்தான் ஊதினார்.

அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் அதுதான் ஒப்பந்தம். மற்ற தம்பிமாரும் அதையே வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை, தங்கச்சிமடம், நீட்டுக் குடை. திரும்பி வரும்போது மதியம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாடை அடிக்கிற இந்த மாசங்களில் காற்றும் என்னைத் தள்ளும், அதனால் கொஞ்சம் அதிகமாகவே ஆடுவேன். ஏறி உட்கார்ந்ததும் "ம்" என்று சொல்வேன். அப்புறம் அடிங்க ரெண்டு விசில்.